உங்க பல்ஸ் உங்களுக்குத் தெரியுமா?

தமிழ் சினிமா டாக்டருக்கு மட்டும் ஒரு தனி பவர் உண்டு. மயங்கி விழுந்த ஹீரோயினோட மணிக்கட்டை ரெண்டே செகண்ட் பிடிப்பார். அப்புறம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒரு சிரிப்பு. ‘‘ஸ்வீட் எடுங்க சார், நீங்க அப்பா ஆகப்போறீங்க!’’

சும்மா டூப்பு பாஸ்! நாடியைப் பிடித்து கர்ப்பத்தை உறுதி செய்ய முடியாது. ஆனா, அதே மணிக்கட்டைப் பிடிச்சு வேற எத்தனையோ விஷயம் கண்டுபிடிக்கலாம். அதுக்கு எம்.பி.பி.எஸ் படிக்கணும்னு அவசியமே இல்லை. ஒரு வாட்ச், ஒரு நிமிஷப் பொறுமை... அவ்வளவுதான்!

அம்பத்தூர் ஓ.டி. பஸ் ஸ்டாண்டுல நிக்கிற எந்த காலேஜ் பையன்கிட்டயும் ‘உன் பைக் மைலேஜ் என்ன?’னு கேளுங்க. பாயின்ட்டுக்கு அப்புறம் ரெண்டு இலக்கம் வரைக்கும் சொல்வான். ‘உன் பல்ஸ் என்ன, பிபி என்ன?’னு கேட்டா, ‘எனக்கு என்ன வயசா ஆயிடுச்சு?’ன்னு முறைப்பான். பிரச்னையே அந்தப் பதில்லதான் இருக்கு.

நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், உடம்புச் சூடு, மூச்சு. இந்த நாலையும்தான் உயிர்க்குறிகள்னு சொல்வாங்க. கொரோனாவுக்குப் பிறகு ஆக்சிஜன் அளவும் அஞ்சாவதா சேர்ந்துடுச்சு. இதுல ஒரு சூட்சுமம் இருக்கு. புத்தகத்துல இருக்கிற ‘நார்மல்’ ஊருக்கெல்லாம் பொதுவானது. உடம்பு நல்லா இருக்கிறப்ப ‘என்னோட நார்மல்’ என்னன்னு தெரிஞ்சு வெச்சிருந்தாதான், சரியில்லாதப்ப எவ்வளவு மாறியிருக்குன்னு புரியும்.

ஆவடி கிரவுண்டும் 52 பல்ஸும்

முதல்ல பல்ஸ். கட்டைவிரலுக்குக் கீழே, மணிக்கட்டோட வெளி ஓரத்துல ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் வைங்க. கட்டைவிரலால பார்க்கக் கூடாது. அதுலயே ஒரு துடிப்பு இருக்கிறதால, அடுத்தவன் பல்ஸுக்குப் பதிலா உங்க பல்ஸையே எண்ணிட்டு இருப்பீங்க! 30 செகண்ட் எண்ணி ரெண்டால பெருக்குங்க. துடிப்பு தாறுமாறா விட்டு விட்டு வந்தா முழு ஒரு நிமிஷமும் எண்ணுங்க.

பெரியவங்களுக்கு ஓய்வா இருக்கிறப்ப 60 முதல் 100 வரை நார்மல். சராசரியா 70னு வெச்சாலும் ஒரு நாளைக்கு ஒரு லட்சம் துடிப்பைத் தாண்டுது. லீவே போடாத ஊழியர்!

ஆவடி பக்கம் காலங்காத்தால போனா, போலீஸ் செலக்‌ஷனுக்கும் ராணுவத்துக்கும் ஓடிப் பழகுற பசங்களைப் பார்க்கலாம். தமிழ்நாடு சிறப்புக் காவல் படை, சி.ஆர்.பி.எஃப், டாங்கி தொழிற்சாலைனு காக்கியும் பச்சையும் கலந்த ஊராச்சே! அப்படி வருஷக்கணக்கா ஓடுறவங்களுக்கு, ஓய்வுல பல்ஸ் 52னு காட்டினாலும் காட்டும். ‘ஐயோ, 60க்குக் கீழ போயிடுச்சே’ன்னு பதறவேண்டாம். பயிற்சியில பலமான இதயம் ஒரே துடிப்புல அதிக ரத்தத்தைத் தள்ளும். அதனால குறைஞ்ச துடிப்பே போதும். ஆனா, ஓட்டமும் கிடையாது, விளையாட்டும் கிடையாது, பல்ஸ் மட்டும் 45, கூடவே தலைசுத்தல்... இது வேற கதை. உடனே ஒரு ஈ.சி.ஜி. எடுக்கணும். எண் கிட்டத்தட்ட ஒண்ணுதான். ஆள் வேற, அர்த்தமும் வேற.

‘ஆம்பளைக்கு வலது கை, பொம்பளைக்கு இடது கைதானே பார்க்கணும்?’ சித்த வைத்தியத்துல அப்படி ஒரு மரபு உண்டு. மூணு விரல் வெச்சு வாதம், பித்தம், கபம்னு நாடியோட நடையைப் படிக்கிறது அந்த முறை. துடிப்பை எண்ணுறதுக்கு எந்தக் கையும் ஓகே.

அப்புறம் இன்னொரு டவுட்டு. தும்மும்போது இதயம் ஒரு செகண்ட் நின்னு திரும்ப ஓடும்னு சொல்றாங்களே? இல்லவே இல்லை. நெஞ்சுக்குள்ள அழுத்தம் மாறுறதால துடிப்போட தாளம் லேசா முன்னப்பின்ன ஆகலாம். நிக்கிறதெல்லாம் கிடையாது.

பிபியை ஏத்தாதீங்க!

‘டேய், என் பிபியை ஏத்தாத!’ - ஹாஸ்டல்ல ஒரு நாளைக்குப் பத்து வாட்டியாவது கேக்குற டயலாக். இதனாலயே பிபின்னா கோபக்காரங்களோட வியாதின்னு ஒரு நினைப்பு. சாந்த சொரூபிக்கும் பிபி வரும். வந்தா தெரியவும் தெரியாது. தலைவலி வந்தா தெரிஞ்சுடும், படபடப்பு வந்தா தெரிஞ்சுடும்னு காத்திருக்காதீங்க. பெரும்பாலானவங்களுக்கு எந்த அறிகுறியும் இருக்காது. அளந்து பார்த்தாதான் உண்டு.

இதயம் சுருங்கி ரத்தத்தைத் தள்ளுறப்போ குழாய்ல இருக்கிற அழுத்தம் மேல் எண். அது தளர்ந்து இளைப்பாறுறப்போ இருக்கிற அழுத்தம் கீழ் எண். 1733ல ஸ்டீபன் ஹேல்ஸ்னு ஒரு ஆங்கிலேயப் பாதிரியார், ஒரு குதிரையோட ரத்தக்குழாய்ல நீளமான கண்ணாடிக் குழாயைச் செருகி, ரத்தம் எவ்வளவு உயரம் ஏறுதுன்னு பார்த்ததைப் புத்தகமா எழுதினார். 8 அடிக்கு மேல ஏறுச்சு! நல்லவேளை, 1896ல இத்தாலிக்காரர் ரிவா ரோச்சி கையில சுத்துற பட்டையைக் கொண்டுவந்தார். 1905ல ரஷ்ய டாக்டர் கொரொட்கோஃப், பட்டைக்குக் கீழே ஸ்டெதஸ்கோப் வெச்சு ‘டப் டப்’ சத்தத்தைக் கேட்டு ரெண்டு எண்ணையும் எடுக்கிற வழியைச் சொன்னார். குதிரை தப்பிச்சது, நாமளும் தப்பிச்சோம்.

120/80க்குக் கீழ இருந்தா ஜோர். வேற வேற நாள்ல பார்த்தும் 140/90 அல்லது அதுக்கு மேலயே நின்னா உயர் ரத்த அழுத்தம். நடுவுல இருந்தா கவனமா இருக்கணும்.

பிபி விஷயத்துல இந்தியாவோட பெரிய வேலை ஒண்ணுக்கு உங்க ஏரியாவுல ஒரு விலாசம் இருக்கு, தெரியுமா? அம்பத்தூரை ஒட்டி அயப்பாக்கம் ஹவுசிங் போர்டு பக்கம் இருக்கிற தேசிய தொற்றுநோயியல் நிறுவனம். ஐ.சி.எம்.ஆர். அமைப்பு. ஆவடியில இருந்த தொழுநோய் ஆராய்ச்சிப் பிரிவையும், மருத்துவப் புள்ளியியல் ஆராய்ச்சி நிறுவனத்தையும் சேர்த்து 1999ல உருவாக்கினது. 2020ல கொரோனா நிபுணர் குழு பேட்டிகள்ல அடிக்கடி வந்த டாக்டர் பிரப்தீப் கவுர் அப்போ இங்கேதான் துணை இயக்குநர்.

2017ல தொடங்கின இந்திய உயர் ரத்த அழுத்தக் கட்டுப்பாட்டுத் திட்டத்துல மத்திய அரசு, மாநில அரசுகள், உலக சுகாதார நிறுவனத்தோட ஐ.சி.எம்.ஆரும் கைகோர்த்தது. அதுல இந்த அயப்பாக்கம் டீமுக்கு முக்கியப் பங்கு. பஞ்சாப், கேரளா, மத்தியப்பிரதேசம், தெலங்கானா, மகாராஷ்டிரானு முதல்ல 5 மாநிலங்கள். பிறகு தமிழ்நாடு உட்பட மத்த மாநிலங்களுக்கும் போச்சு. பெரிய ராக்கெட் சயின்ஸ் எதுவும் இல்லை. ஆரம்ப சுகாதார நிலையத்துல நல்ல டிஜிட்டல் பிபி மெஷின், எல்லாருக்கும் ஒரே மாதிரி எளிமையான மருந்து வரிசை, மாத்திரை தீராம கைல இருக்கிற மாதிரி சப்ளை, யார் திரும்ப வரலைனு பார்க்க ஒரு பதிவேடு. இவ்வளவுதான். 2022ல ஐ.நா. அமைப்புகளோட விருது தேடி வந்துச்சு.

ஏன் இந்த மெனக்கெடல்? இந்தியாவுல பெரியவங்கள்ல ஏறக்குறைய நாலு பேர்ல ஒருத்தருக்கு உயர் ரத்த அழுத்தம். உங்க வீட்டு டைனிங் டேபிளைச் சுத்தி உட்காருறவங்களை ஒரு தடவை எண்ணிப் பாருங்க.

நமக்கு இதுல ஒரு சிக்கல் இருக்கு. அரசாங்கத்தோட பிபி, சுகர் பரிசோதனைத் திட்டம் முக்கியமா 30 வயசு தாண்டினவங்களைத்தான் தேடிப் போகுது. ஸ்கூல் முடியுற வரைக்கும் ஸ்கூல் செக்கப் இருக்கு. நடுவுல 18ல இருந்து 30 வரைக்கும்? அட்மிஷனுக்கு ஒரு ஃபிட்னெஸ் சர்டிஃபிகேட். அதுவும் பல பேருக்கு ஆளைப் பார்க்காமலே சீல் குத்தினது! இந்த வயசுல நிஜமாவே பிபி அதிகமா இருந்தா டாக்டர்கள் அதைச் சாதாரணமா விடமாட்டாங்க. சிறுநீரகமா, ஹார்மோனா, ரத்தக்குழாய்ல அடைப்பான்னு காரணம் தேடுவாங்க. ஜிம்ல யாரோ கொடுத்த ஸ்டீராய்டு ஊசியும் அந்த லிஸ்ட்ல உண்டு. சிறுநீரகத்துல கோளாறுன்னா, 22 வயசுல தெரியுறதுக்கும் 35ல கால் வீங்கினப்புறம் தெரியுறதுக்கும் நடுவுல ஒரு சிறுநீரகமே போயிடலாம்.

அளக்கிறதுலயும் ஒழுங்கு வேணும். அம்பத்தூர் எஸ்டேட்ல ஒரு கம்பெனி வேலைக்கு மெடிக்கல் செக்கப்னு வெச்சுக்குங்க. ட்ரெயினைப் பிடிக்க ஓடி, மூணு மாடி ஏறி, டீயும் குடிச்சுட்டு, பாத்ரூம் போகாம அடக்கிக்கிட்டு கையை நீட்டினா மெஷின் 150ம் காட்டும், அதுக்கு மேலயும் காட்டும். அரை மணி நேரத்துக்கு முன்னாடி இருந்தே டீ, காபி, சிகரெட் கூடாது. அஞ்சு நிமிஷம் சும்மா உட்காரணும். முதுகு சாய்ஞ்சு, பாதம் ரெண்டும் தரையில, கால் மேல கால் போடாம. கை நெஞ்சு உயரத்துல ஒரு டேபிள் மேல. பேசக் கூடாது. குண்டான கைக்குச் சின்னப் பட்டையைச் சுத்தினா எண் கூடுதலாத்தான் வரும். அதிகமா வந்தா ‘கொஞ்சம் உட்கார்ந்துட்டு இன்னொரு தடவை பார்க்கலாமா?’னு தைரியமா கேளுங்க. அது உங்க உரிமை.

‘எனக்கு லோ பிபி’ன்னு பெருமையா சொல்ற கேர்ள்ஸ் கவனத்துக்கு... ஒல்லியான இளம்பெண்களுக்கு 95/60 எல்லாம் பல நேரம் சர்வசாதாரணம், அது வியாதி இல்லை. காலையில சாப்பிடாம, நெரிசல்ல நின்னுக்கிட்டே வந்து மயங்கி விழுறதுக்கு ‘லோ பிபி’ன்னு பேர் வெச்சுட்டு காபி குடிச்சா, நிஜக் காரணம் ஒளிஞ்சுக்கும். நிறைய பேருக்கு அது ரத்தசோகை. ஹீமோகுளோபின் டெஸ்ட் ஒண்ணு எடுத்துப் பாருங்க.

காய்ச்சல் விட்டாச்சு, இனிமேதான் ஆபத்து!

98.6 டிகிரி ஃபாரன்ஹீட்னு நாம மனப்பாடம் பண்ணினது, ஜெர்மன் டாக்டர் வுண்டர்லிச் 1868ல வெளியிட்ட புத்தகத்துல இருந்து வந்தது. சுமார் 25,000 பேரோட சூட்டை அக்குள்ல அளந்து சொன்ன சராசரி அது. காலையில குறைவா இருக்கும், சாயங்காலம் ஏறும். பெண்களுக்கு மாதச் சுழற்சியோட பின்பாதியில லேசா கூடும். 100.4ஐத் தாண்டினாதான் காய்ச்சல்னு வெச்சுக்கலாம்.

‘உள் காய்ச்சல்’னு ஒண்ணு சொல்வாங்களே? தெர்மாமீட்டர் 98 காட்டும், பாட்டி மட்டும் ‘உள்ளுக்குள்ள கொதிக்குது’ம்பாங்க. அப்படி ஒரு தனி நோய் கிடையாது. அதுக்காகப் பாட்டியைக் கிண்டல் பண்ணாதீங்க! தூக்கமின்மை, உடம்பு அசதி, ரத்தசோகை, தைராய்டுனு ஏதோ ஒண்ணு அங்கே இருக்கலாம். சில காய்ச்சல் சாயங்காலம் மட்டும் எட்டிப் பார்த்துட்டுப் போயிடும். ரெண்டு வாரத்துக்கு மேல இருமலும் மாலைக் காய்ச்சலும் இருந்தா சளிப் பரிசோதனை அவசியம். டி.பி. நம்ம ஊரை விட்டு இன்னும் போகலை.

இப்ப முக்கியமான மேட்டருக்கு வர்றேன். டெங்கு. 2012லயும் 2017லயும் தமிழ்நாட்டை ஆட்டி வெச்சதே, அதே டெங்கு. மழை ஆரம்பிச்சா அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி சுற்றுவட்டாரத்துல ஹாஸ்டல், மேன்ஷன், பி.ஜி.ன்னு எங்கேயாவது யாராவது சுருண்டு படுத்திருப்பாங்க. ஏரியில, சாக்கடையிலதான் இந்தக் கொசு வளருதுன்னு நினைக்காதீங்க. அதுக்குப் பிடிச்சது நம்ம பிளாஸ்டிக் டிரம், பழைய டயர், மொட்டை மாடி தேங்காய் ஓட்டுல நிக்கிற தெளிஞ்ச தண்ணி.

ரூம்ல என்ன நடக்கும்? மூணு நாள் 103, கண்ணுக்குப் பின்னாடி வலி, உடம்பெல்லாம் முறிக்கும். நாலாவது நாள் ஜுரம் சட்டுனு இறங்கும். ரூம்மேட் தொட்டுப் பார்த்துட்டு ‘ஜில்லுனு இருக்குடா, சரியாயிடுச்சு’ன்னு காலேஜுக்குக் கிளம்பிடுவான். டெங்குவுல ஆபத்தான கட்டமே அப்பதான் ஆரம்பம்! பொதுவா மூணாவது நாள்ல இருந்து ஏழாவது நாளுக்குள்ள, சூடு இறங்குற அந்த ஒண்ணு ரெண்டு நாள்ல, சிலருக்கு ரத்தக்குழாயில இருந்து திரவம் கசிய ஆரம்பிக்கும். குழாய்க்குள்ள ரத்தத்தோட அளவு குறையும். அந்த ‘ஜில்’லுக்குக் காரணம் காய்ச்சல் விட்டதா இல்லாம, கை கால்களுக்கு ரத்தம் போகாததாவும் இருக்கலாம்.

இங்கேதான் உயிர்க்குறிகள் பேசும். பல்ஸைப் பிடிங்க. காய்ச்சல் இறங்கினா பல்ஸும் கூடவே இறங்கணும், அதுதான் இயல்பு. சூடு 98க்கு வந்துடுச்சு, ஆனா பல்ஸ் 120ல நிக்குது, தொட்டா மெலிசா ஓடுதுன்னா அது நல்ல செய்தி இல்லை. பிபியில மேல் எண்ணை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. 100/84னு வருதுன்னு வைங்க. ‘100 இருக்கே, ஓகே’ன்னு தோணும். ஆனா ரெண்டுக்கும் வித்தியாசம் 16தான்! அந்த இடைவெளி 20க்கோ அதுக்குக் கீழேயோ சுருங்கினா, உடம்பு ஷாக் நிலைக்குப் போயிட்டிருக்குன்னு அர்த்தம். மேல் எண் விழுறது கடைசியிலதான். அதுவரைக்கும் இளம் உடம்பு சமாளிச்சுக் காட்டி நம்மை ஏமாத்தும்.

கூடவே விடாத வயித்து வலி, திரும்பத் திரும்ப வாந்தி, ஈறுல ரத்தம், எழுந்தா தலைசுத்தல், ஆறு மணி நேரமா யூரினே போகலை, கூப்பிட்டா சோர்ந்து பதில் சொல்றான்... இதுல ஒண்ணு இருந்தாலும் காலையில பார்த்துக்கலாம்னு தள்ளிப்போடாம, ராத்திரி 2 மணி ஆனாலும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போங்க. நம்ம மக்கள் ‘பிளேட்லெட் எவ்வளவு?’ன்னு கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி கேட்டுட்டே இருப்பாங்க. 80,000 பிளேட்லெட்டோட ஷாக்குக்குப் போறவங்களும் உண்டு, 20,000த்தோட எழுந்து உட்கார்ந்து இட்லி சாப்பிடுறவங்களும் உண்டு. கசிவுதான் வில்லன். நிலவேம்புக் கஷாயம் குடிக்கிறவங்க குடிங்க, ஆனா அதைக் குடிச்சாச்சேன்னு பல்ஸ், பிபி பார்க்கிறதை விட்டுடாதீங்க. ஜுரத்துக்கு பாராசிட்டமால் மட்டும். மெடிக்கல் ஷாப்ல ‘உடம்பு வலிக்கு சேர்த்து ஒண்ணு குடுங்கண்ணா’ன்னு புரூஃபென், டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் வாங்கிப் போட்டா ரத்தக்கசிவுல கொண்டுபோய் விடலாம்.

நைஸா மூச்சை எண்ணுங்க

நாலு குறியில, ஆஸ்பத்திரிகள்லயே சரியா எண்ணாம விடுறது மூச்சுதான். நிமிஷத்துக்கு 12 முதல் 20 வரை நார்மல். சும்மா படுத்திருக்கிறப்பவே 25க்கு மேல போனா உள்ளே ஏதோ சரியில்லைன்னு அர்த்தம். நிமோனியாவா இருக்கலாம், ஆஸ்துமாவா இருக்கலாம், சில நேரம் கட்டுமீறின சுகராகூட இருக்கலாம். எண்ணுறதுல ஒரு தந்திரம் இருக்கு. ‘உன் மூச்சை எண்ணப்போறேன்’னு சொன்னா உடனே அவன் யோகா மாஸ்டர் மாதிரி இழுத்து விட ஆரம்பிச்சுடுவான். பல்ஸ் பார்க்கிற மாதிரி கையைப் பிடிச்சுக்கிட்டே, கண்ணை மட்டும் நெஞ்சு மேல வெச்சு ஒரு நிமிஷம் எண்ணுங்க.

விரல்ல மாட்டுற பல்ஸ் ஆக்சிமீட்டரை 2021 ஏப்ரல், மே மாசங்கள்ல கடை கடையா தேடினதை யாரும் மறந்திருக்க மாட்டோம். அதுக்கு அடிப்படையான ஐடியாவை 1970கள்ல கண்டுபிடிச்சவர் ஜப்பான் இன்ஜினீயர் டகுவோ அவோயாகி. உலகமே அவர் கருவியைத் தேடின 2020 ஏப்ரல்லதான் காலமானார். 95க்கு மேல இருந்தா நிம்மதி. நெயில் பாலிஷ், மருதாணி, குளிர்ந்த விரல் எல்லாம் எண்ணைக் குழப்பும். கறுத்த தோலுக்கு நிஜத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக் காட்டுதுன்னு 2020ல ஆராய்ச்சிகள் வந்திருக்கு. அதனால மெஷின் 96 காட்டினாலும் ஆள் ஒரு வாக்கியத்தை முழுசா பேச முடியாம மூச்சு வாங்கினா, ஆளை நம்புங்க.

இவ்வளவு நேரம் பல்ஸ் பார்க்கச் சொல்லிக்கொடுத்துட்டு, ஒரே ஒரு இடத்துல மட்டும் பார்க்காதீங்கன்னு சொல்லணும். பிளாட்ஃபார்ம்லயோ கிரவுண்டுலயோ ஒருத்தர் பொத்துன்னு விழுறார். தோளைத் தட்டிக் கூப்பிட்டா அசைவில்லை. அங்கே நாடியைத் தேடி நேரத்தை வீணாக்காதீங்க. பதற்றத்துல உங்க விரல் துடிப்பே அவர் துடிப்பு மாதிரி தெரியும். நெஞ்சு ஏறி இறங்குதான்னு மட்டும் 10 செகண்டுக்குள்ள பாருங்க. மூச்சு ஒழுங்கா வந்தா ஒருக்களிச்சுப் படுக்க வைங்க. வாயில தண்ணி ஊத்த வேண்டாம். கையில சாவிக்கொத்து திணிக்க வேண்டாம். மூச்சே இல்லை, இல்லைன்னா மீன் மாதிரி எப்போவாவது ஒரு தடவை வாயைத் திறந்து இழுக்கிறார்னா, ஒருத்தர் 108க்கு போன் போடட்டும். நீங்க நெஞ்சோட நடுவுல ரெண்டு உள்ளங்கையையும் ஒண்ணு மேல ஒண்ணு வெச்சு, 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்துங்க. ரெண்டு நிமிஷத்துலயே கை ஓய்ஞ்சிடும். பக்கத்துல வேடிக்கை பார்க்கிறவங்கள்ல ஒருத்தரைக் கூப்பிட்டு மாத்திவிட்டு, ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் நிறுத்தாதீங்க.